டிரங்குப் பெட்டியில் ராஜா ராணி

பரணிலிருந்து பெட்டி இறங்கும்போது முதலில் இறங்கியது வாசனைதான். பாச்சை உருண்டை, எலிப்புழுக்கை, மக்கிய செய்தித்தாள், இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கிருந்தோ மெல்லிய கற்பூர வாடை. அந்தக் கற்பூரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில், தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையை ஒட்டி இருக்கிறது. பெட்டி என் அப்பாயியுடையது. அவருக்குப் பின் அம்மாவுடையது. இப்போது அம்மாவே அப்பாயி ஆகிவிட்டார். அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பது எதுவானாலும் முதலில் நாக்கு பார்க்க வேண்டும், பிறகுதான் கண். அவளுக்காகத்தான் பெட்டி இறங்கியது. செய்தித்தாளைப் பிரித்தால் தலையாட்டி பொம்மை ராஜாவும் ராணியும். புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாங்கியவை. ராஜாவின் தலைப்பாகையில் மஞ்சள் செதில் செதிலாக எழும்பியிருந்தது. குழந்தை கையை நீட்டினாள். நான் பொம்மையை மேலே தூக்கினேன்.

“ஏன்டி புடுங்குற? ஒங்க அண்ணன் இது தலையச் சப்பிச் சப்பித்தான் பல்லு மொளைச்சான். இப்ப இன்ஜினீயரா இல்லையா?” என்றார் அம்மா.

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னால் தோற்றுப்போவோம். நானும் அன்று தோற்றேன். இந்தக் கட்டுரை கொஞ்சம் தாமதமாக வரும் பதில்.

முதலில் பொம்மைக்கு உரிய மரியாதை. தலையாட்டி பொம்மை விளையாட்டுச் சாமானாக வேடம் போட்ட இயற்பியல் பாடம். ராஜா, ராணி பொம்மைகளின் அடிப்பாகம் கனத்த களிமண். மேலே உடம்பு காகிதக்கூழ் போன்ற லேசான பொருள். அடியின் வளைவை ஒரு பெரிய பந்தின் துண்டு என்று நினைத்துக்கொண்டால், அந்தப் பந்தின் மையத்துக்குக் கீழே பொம்மையின் எடைமையம் விழ வேண்டும். அப்படி விழுந்துவிட்டால், பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எடைமையம் மேலேதான் ஏறும். மேலே ஏறிய எடை கீழே இறங்கப் பார்க்கும். பொம்மை எழுந்து நிற்கும். கழுத்து, இடுப்பு, பாவாடை என்று தனித்தனி துண்டுகளாக நின்றாடும் நாட்டியப் பொம்மையின் சூட்சுமம் வேறு. ஒவ்வொரு துண்டும் ஒரு கம்பி முனையில் தொங்குவதுபோல் உட்கார்ந்திருக்கும். தாங்கும் முனைக்குக் கீழே அதன் எடை இருக்கும். அதனால் காற்று தொட்டால்கூட ஆடும், ஆனால் விழாது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை நாம் தஞ்சாவூர் பொம்மை என்று கேலி செய்கிறோம். உண்மையில் எவ்வளவு தள்ளினாலும் தன் நிலைக்கே திரும்புகிற பிடிவாதக்காரப் பொம்மை அது.

ஆக, களிமண்ணில் குற்றமில்லை, காகிதத்தில் குற்றமில்லை. கேள்வி மேலே உள்ள தோலைப் பற்றியது. எனாமல் பெயின்ட். அதில் கலந்திருக்கக்கூடிய காரீயம் என்ற நச்சு உலோகம்.

பெயின்டில் காரீயம் ஏன் வந்தது? பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரீயக் குரோமேட் மலிவான நிறமி. சீக்கிரம் உலர்வதற்கும் காரீய உப்புகளைச் சேர்ப்பார்கள். ஈரம் தாங்கும், வெயில் தாங்கும், நிறம் மங்காது. வியாபாரியின் கண்ணில் குறையே இல்லாத சரக்கு. இதே காரீயக் குரோமேட்டைத்தான் வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்றப் பூசினார்கள் என்று 2019-ல் அம்பலமாகி, அந்த அரசு சந்தைகளில் புகுந்து சோதனை நடத்தியது.

இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சந்தையில் விற்ற எனாமல் பெயின்டுகளைச் சோதித்தவர்கள் ஆயிரக்கணக்கிலும், சில மஞ்சள்களில் அதைவிட வெகு அதிகமாகவும் கண்டார்கள். என் அண்ணன் சப்பிய ராஜா எண்பதுகளின் ராஜா. அவருக்குச் சட்டமே கிடையாது.

ஒரு கணக்குப் போடலாம். கட்டைவிரல் நகம் அளவு பெயின்ட் செதில். ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். ஒன்றிரண்டு பூச்சு கனத்துக்கு எடை 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் காரீயம் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் 100 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளின் உணவில் ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறது. அந்த ஒரு செதிலில் நாற்பத்தைந்து நாளுக்கான கணக்கு அடங்கிவிடுகிறது. முறுக்குத் துண்டைவிடச் சின்னது. கடித்த சத்தம்கூடக் கேட்காது.

பெரியவர்கள் அதே செதிலை விழுங்கினால் குடல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காரீயத்தை உறிஞ்சும். குழந்தைக் குடல் பாதி வரை உறிஞ்சிவிடும். வளரும் உடம்பு சுண்ணாம்புச் சத்துக்கும் இரும்புச் சத்துக்கும் ஏங்கி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. காரீயம் அந்த இரண்டின் சாயலில் உள்ளே நுழைகிறது. இரும்பு குறைந்த குழந்தைக்கு வாசல் இன்னும் அகலம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூவரில் இருவருக்கு ரத்தசோகை. காரீயத்துக்கு இங்கே வாசல்கள் நிறைய.

சரி, அண்ணன் இன்ஜினீயர் ஆகிவிட்டானே?

ஆகிவிட்டான். இதை மறுக்க முடியாது என்பதுதான் இந்த உலோகத்தின் தந்திரம். நல்ல பாம்பு கடித்தால் கடித்தது தெரியும். காரீயம் ஒரு குழந்தையிடம் ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போகும். அந்த வரி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி கிடையாது. ஒரே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிவரை தெரியாது. கூட்டமாகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர். நம்மூரில் பால் பல் விழுந்தால் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவோம். அவர் அதைக் கேட்டு வாங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பற்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். ரத்தத்தில் காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். போன வருஷம் என்ன நடந்தது என்று ரத்தத்துக்கு ஞாபகம் இருக்காது. பல்லுக்கு இருக்கும். பல்லில் காரீயம் அதிகமிருந்த 58 பிள்ளைகளையும் குறைவாயிருந்த 100 பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1979-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், முதல் கூட்டத்தின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக நான்கைந்து புள்ளி தாழ்ந்திருந்தது. யாருமே நோயாளி இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சாதாரணப் பிள்ளைகள்.  பல் கொடுத்தவர்களில் காரீயம் ஏற ஏற, கவனம் சிதறுகிறது, சொன்னதை வரிசையாகச் செய்வதில்லை என்று ஆசிரியர்கள் குறித்தது ஏறிக்கொண்டே போனது. காரீயத் தொழிலின் பக்கம் நின்றவர்கள் நீடில்மன் மீது ஆய்வு மோசடிப் புகாரே கொண்டுவந்தார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்குச் சென்னைக் கதை. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குட்பட்ட 756 சென்னைக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2009-ல் வெளியானது. ரத்தத்தில் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் இன்று 3.5-ஐத் தாண்டினாலே குழந்தையைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சென்னையிலும் அதே கோலம்: காரீயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுதலாக இருப்பதை ஆசிரியர்கள் கண்டார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அவன் கலெக்டரா ஆயிருப்பாங்கிற?” என்றார். இருக்கலாம் அம்மா, இல்லாமலும் இருக்கலாம். அவனை வைத்துச் சொல்ல முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

பழையதெல்லாம் விஷம் என்று முடிவு கட்டுவதும் அதே தவறின் மறுபக்கம். பெட்டிக்குள் ராஜா ராணியைவிட வயதான மரப்பாச்சி ஜோடி ஒன்று இருந்தது. செம்மரம்; பெயின்ட் கண்டதில்லை; தலைமுறை தலைமுறையாகக் கை பட்டே மெருகேறியது. விரிசலோ சிராய்ப்போ இல்லையென்றால், கழுவித் துடைத்துக் கொடுக்கலாம். ஆனால் கண், மூக்கு, சரிகை எல்லாம் வரைந்து கடையில் விற்கும் இன்றைய மரப்பாச்சி வேறு சாதி. எத்தனை வயது என்று கேட்காதீர்கள், மேலே என்ன பூசியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து வந்தவை செப்புச் சாமான்கள். பித்தளைக் குடம், குட்டி இட்லிப் பானை, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிச் சொம்பு. “அது ஈயம்” என்றார் அம்மா. இந்த இடத்தில் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கும்பகோணத்து ஈயச் சொம்பில் ரசம் கொதிப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம். அது வேறு தனிமம். சமையலில் கரையும் அளவில் உடம்புக்குத் தீங்கில்லை. பெயின்டில், பேட்டரியில், மீன்வலைக் குண்டில் இருப்பது காரீயம். பழந்தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. புழக்கத்தில் முன்னொட்டு உதிர்ந்து இரண்டும் ஈயமாகிவிட்டன. விலை ஏற ஏற வெள்ளீயத்தில் காரீயம் கலப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வசதி. வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிறீச்சென்று ஒரு ஒலி எழும். உள்ளே படிகங்கள் திரும்பும் சத்தம் அது. காரீயம் அந்த ஒலி எழுப்பாது, காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு போடும். இவை நம்பிக்கைக்கான குறிகள்தாம், நிரூபணம் அல்ல. கலப்பு எவ்வளவு என்பதை எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவிதான் சொல்லும். பொம்மைச் சொம்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று அதை ஒதுக்கிவைத்தோம். பித்தளையிலும் கடைசலுக்கு இணங்கட்டும் என்று கொஞ்சம் காரீயம் சேர்ப்பதுண்டு. பிள்ளை வாயில் வைக்கும் பருவம் தாண்டும்வரை அதுவும் ஒதுங்கட்டும்.

இப்போது கற்பூரம்.

பெட்டியின் அடியில், மெல்லிசான முட்டை ஓடு போன்ற உடம்போடு, சிவப்புக் கன்னமும் கறுப்புக் கண்ணுமாய் ஒரு குழந்தைப் பொம்மை. அப்பாயி காலத்துச் சரக்கு. கொலு வைக்கும் வீடுகளில் இதைப்போல நிறையப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். சன்னதியில் ஆரத்தி முடிந்த வாசனை. செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, இறுகிப்போன அதற்கு இளக்கம் கொடுக்கக் கற்பூரம் சேர்த்துச் செய்த உலகின் முதல் பெரும் பிளாஸ்டிக். அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் 1870-ல் காப்புரிமை வாங்கியது. கற்பூர மரக்காடுகள் நிறைந்த தைவான் 1895-லிருந்து ஐம்பது வருஷம் ஜப்பானின் கையில் இருந்தது. அதனால் பொம்மைத் தொழிலும் ஜப்பானில் செழித்து, கப்பல் ஏறிக் காவிரிக் கரைவரை வந்தது. டேபிள் டென்னிஸ் பந்துகூட 2014 வரை செல்லுலாய்டுதான்.

இதன் சொந்தக்காரர் துப்பாக்கிப் பஞ்சு. தீ பிடித்தால் உருகி எரியாது, குப்பென்று பற்றும். வயதாக ஆக, குறிப்பாக டெல்டாவின் புழுக்கத்தில், அது தானே சிதைந்து அமில ஆவி விடும். அந்த அமிலம் சிதைவை இன்னும் முடுக்கும். மஞ்சள் பூத்து, நொறுங்கி, பக்கத்தில் கிடக்கும் ஊசியும் ஆணியும் துருப்பிடித்திருந்தால் கதை முற்றிவிட்டது என்று பொருள். கொலுப் படியில் இதை வைத்து, கீழ்ப்படியில் குத்துவிளக்கு ஏற்றுவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! காரீயத்தைப்போல மெல்ல வரும் ஆபத்து இல்லை இது. குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், தீயிலிருந்தும் மற்றப் பொம்மைகளிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிசுபிசுத்துப்போன ரப்பர் பொம்மை உண்மையில் பி.வி.சி.; இளக்கத்துக்காகச் சேர்த்த தாலேட் எண்ணெய்கள் வெளியே கசிவதுதான் அந்தப் பிசுக்கு. ஐரோப்பா 1999-லேயே சிறு குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் அவற்றைத் தடுத்தது. பஞ்சடைத்த கரடிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது; அதைப் பற்றி விவாதிக்கவே இல்லை. பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால் மூடி திருகாணி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் சதையைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பாச்சை உருண்டை நாப்தலீன். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாயிருக்கும், அப்படிப்பட்ட குழந்தை ஒரு உருண்டையை விழுங்கினால் சிவப்பணுக்கள் உடையும்.

பெட்டியின் மூலைகளில் இன்னொன்றும் இருந்தது. சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. “ஒங்க அப்பா போட்டது. கரையான் அண்டாது” என்றார் அம்மா. வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடியில் ஒரு கை வீட்டுக்கும் தூவுவது நெல் விளையும் ஊர்களில் சர்வசாதாரணம். பரண், பத்தாயத்தடி, டிரங்குப் பெட்டி. அந்தப் பொடி 1997-ல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வயலில் வெயிலும் நீரும் மண்ணின் நுண்ணுயிரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். மூடிய தகரப் பெட்டிக்குள் தின்ன யார் இருக்கிறார்கள்? பொம்மை விஷமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, பொம்மை படுத்த படுக்கையைப் பற்றி அதுவரை தோன்றவேயில்லை.

பிரிக்கும் வேலையை அம்மாவே செய்தார். முகத்தில் துணி கட்டி, திண்ணையில், குழந்தை தூங்கும் நேரத்தில். ஈரத்துணியால் துடைத்தார்; துடைப்பம் கூடாது, தூசு எழும்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கலாமே என்று அண்ணன் கேட்டான். வேண்டாம். செதில் ஒரு குழந்தையின் வாய்க்குப் போகும். தேய்த்த தூள் வீடெங்கும் போகும். கொலுவுக்கு முன் பொம்மைக்கு வர்ணம் புதுப்பிக்கும் வீடுகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தூக்கிப்போட வேண்டியவற்றை என்ன செய்வது? “போகிக்கு இன்னும் நாள் இருக்கு” என்றார் அம்மா. போகியில் எரித்தால் காரீயம் எரியாது; தனிமத்துக்குச் சாவு கிடையாது. கொஞ்சம் புகையோடு போகும், மீதி சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலில்தான் மறுநாள் பொங்கல் பானை துலக்குவோம். 2016-ன் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பா, பேட்டரி, பூச்சிமருந்துக் கலம் முதலியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தன. எங்கள் தெருவுக்கு வந்த வண்டியில் அதற்கென்று தனித் தொட்டி இல்லை. கட்டி, மேலே எழுதி, கையில் கொடுத்தோம்.

புதுசு வாங்கிவிட்டால் தீர்ந்ததா? 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர் பொம்மை புவிசார் குறியீடு பெற்றது. ஆக நம் ராஜா ராணிக்கு அன்றும் சட்டமில்லை, இன்றும் முத்திரையில்லை. இந்த விலக்கை நான் குறை சொல்ல மாட்டேன். குடிசையில் உட்கார்ந்து பொம்மை செய்கிறவரிடம் ஆய்வகக் கட்டணம் கேட்டால் அடுத்த வருஷம் பொம்மையே இருக்காது. புதுப் பொம்மையில் காரீயம் இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. வாங்கும்போது என்ன பெயின்ட், வாங்கிய டப்பாவில் காரீயம் சேர்க்கவில்லை என்று போட்டிருக்கிறதா என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பொம்மை மாறும்.

குழந்தை அதற்குள் ராஜாவின் தலைப்பாகையைச் சுவைத்துவிட்டாளா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்க்க எழுதி வாங்கினோம். முடிவு வர நாளானது, கவலைப்படும்படி இல்லை. அம்மா ரிப்போர்ட்டை மடித்து அந்த டிரங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

“எனக்குப் பாக்க வேண்டாமா? நானுந்தான் சின்ன வயசுல இந்த மாதிரி பொம்மையோட வெளையாண்டேன்” என்று ஒருநாள் கேட்டார். வளர்ந்தவர் உடம்பில் காரீயத்தின் பெரும்பங்கு எலும்பில் தங்கும். அங்கே பாதியாகக் குறையவே இருபது முப்பது வருஷம் ஆகும். கர்ப்ப காலத்திலும் முதுமையிலும் எலும்பு கரையும்போது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்தப் பழைய பொம்மைகளின் மஞ்சள் அம்மாவின் எலும்பில் எவ்வளவு, அண்ணனைச் சுமந்தபோது அதில் எவ்வளவு அவனுக்குப் போனது என்று கணக்குப் பார்க்க வழியில்லை. கேழ்வரகும் கீரையும் பாலும் சாப்பிடச் சொன்னேன். “அதத்தான் சாப்புடுறேன்” என்றார்.

ராஜாவும் ராணியும் இப்போது கூடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாட்டியப் பொம்மை. மரப்பாச்சி ஜோடி தரையில், குழந்தையின் கையில், பெரும்பாலும் வாயில். சாலையில் கும்பகோணம் பஸ் போகும்போது வீடு லேசாக அதிரும். கண்ணாடிக்குள் நாட்டியக்காரியின் தலை மெல்ல ஆடத் தொடங்கும். குழந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஹாரன் சத்தம் கேட்டால் மரப்பாச்சியைப் போட்டுவிட்டு, அலமாரிக்கு முன் ஓடி வந்து அண்ணாந்து நிற்கிறாள்.